கவனயீனம் என்று எழுதினார்கள்

கஜேந்திரனை நான் முதன்முதலாகப் பார்த்த நாளில் அவரைத் திட்டினேன். 2002ஆம் ஆண்டு, தை மாதத்து ஒரு புதன்கிழமை. அப்புத்தளையிலிருந்து பதுளைக்குப் போகிற தனியார் பஸ் ஒன்றின் சாரதி அவர். தியத்தலாவைக்குச் சற்று முன்னால் பனி இறங்கி வீதியே தெரியாமல் போனது. பஸ்ஸின் வைப்பரும் வேலை செய்யவில்லை. மனிதர் பஸ்ஸை ஓரமாக நிறுத்தினார், சாவியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார், இறங்கிப் போய் மதகுக் கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

பஸ்ஸுக்குள் ஒரே கூச்சல். நான் பதுளையில் விசாரணைகளில் தமிழ்–சிங்கள மொழிபெயர்ப்பாளனாக வேலை செய்தவன். ஒன்பது மணிக்கு ஒரு வழக்கு இருந்தது. இறங்கிப் போய் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினேன்.

"எனக்கு ஒன்பது மணிக்கு அங்க நிக்க வேணும். மற்ற பஸ்ஸெல்லாம் போகுது. உமக்கு மட்டும் என்ன பயம்?"

அவர் தலையை நிமிர்த்தவில்லை. "மத்த பஸ்ஸுல போங்க சார்."

"இதென்ன கதை? காசு வாங்கிக்கொண்டு நடுவழியில நிப்பாட்டுறதோ?"

அப்போதுதான் எழுந்தார். முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு வயது இருக்கும். ஒல்லியான ஆள். முகம் சிவந்துவிட்டது.

"கத்துங்க. இன்னும் நல்லாக் கத்துங்க. நாப்பது பேரு சேந்து கத்துனா யாரா இருந்தாலும் வண்டிய எடுத்துருவாங்க. நானும் எடுத்துருவேன். அதுக்குத்தான் சாவியக் கழட்டிட்டு எறங்கி வந்தேன். பஸ்ஸுக்குள்ள இருந்தா எடுத்துருவேன்னு எனக்குத் தெரியும்."

பனி விலக முக்கால் மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் நான் அவரை முறைத்துக்கொண்டே நின்றேன். பைத்தியக்காரன் என்று நினைத்தேன்.

ஒன்பது நாள் கழித்து, அதே ஆள் என் முன்னால் சாட்சிக் கூண்டில் நின்றார்.

வழக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். பதுளைக்கும் அப்புத்தளைக்கும் இடையில், பிரதான வீதியிலிருந்து ஏழு மைல் உள்ளே, வெள்ளைப்பாறை என்று ஆட்கள் அழைக்கிற ஒரு தேயிலைத் தோட்டம். 1997 நவம்பரில் அங்கே கொழுந்து லொறி ஒன்று மூன்றாவது வளைவில் பள்ளத்தில் உருண்டது. மேல் டிவிசனிலிருந்து கீழ் டிவிசனுக்கு இருபத்திரண்டு பெண்கள் அதில் ஏற்றப்பட்டிருந்தார்கள். நான்கு பேர் செத்தார்கள். லொறியை ஓட்டிய முருகையாவும் செத்தார். அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. இருபத்தெட்டு வருடம் அந்த மலையில் வண்டி ஓட்டியவர். அதுவரை ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை.

தோட்டத்து நிர்வாகம் ஐந்து நாளில் விசாரணையை முடித்தது. லொறியை மூன்றாம் நாளே இரும்புக்கு விற்றாயிற்று; பார்க்க எதுவும் மிச்சமில்லை. அறிக்கை ஒரு பக்கம். அதில் காரணம் என்று ஒரே ஒரு வரி இருந்தது: சாரதியின் கவனயீனம்.

அந்த ஒரு வரியால் முருகையாவின் மனைவி ராசம்மாவுக்கு நட்டஈடு இல்லை என்றார்கள். ஆனால் அவர் நான்கு வருடமாக அலைந்தது அதற்காக இல்லை. தண்ணீர்க் குழாயடியில் அவர் குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகினார்கள். மகளை இழந்த இராக்கம்மா, அதே லயத்தில் இரண்டு வீடு தள்ளி இருப்பவர், "ஒம் புருசன் தூங்கிக்கிட்டு ஓட்டிக் கொன்னுட்டான்" என்று முகத்துக்கு நேரே சொன்னார். பெரட்டுக் களத்தில், அதாவது காலையில் பேர் பதிந்து வேலை பிரித்துக் கொடுக்கும் அந்தத் திடலில், ராசம்மாவுக்குப் பக்கத்தில் யாரும் நிற்பதில்லை. காகிதத்தில் எழுதியிருக்கிறதே, பிறகென்ன?

அவர் அலைந்து அலைந்துதான் பதுளையில் இந்த நட்டஈட்டு விசாரணை தொடங்கியது. ராசம்மா மண்டபத்தில் முதல் நாளே எழுந்து நின்று சொன்னார். நான்தான் அதைச் சிங்களத்தில் சொன்னேன்.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாங்க. அந்த வார்த்தய எடுத்துருங்க. எம் புருசன் கவனமில்லாத ஆளில்ல."

விசாரணை அதிகாரி பேனாவால் மேசையைத் தட்டினார். தோட்டத்தை நடத்திய கம்பனியின் சட்டத்தரணி சிரித்தார். அந்தச் சிரிப்பை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

ராசம்மாவின் சாட்சியாகத்தான் கஜேந்திரன் வந்தார். 1997இல் அவரும் அதே தோட்டத்தில் சாரதி. முருகையா மூத்தவர், இவர் இரண்டாவது. லொறி உருண்ட அன்று காலை அதை ஓட்ட வேண்டியவர் உண்மையில் இவர்தான். மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பெரிய தொரை, தோட்ட நிர்வாகி, இருநூறு பேர் முன்னால் அவருடைய கையிலிருந்து சாவியைப் பிடுங்கி, புல்லு வெட்டப் போ என்று துரத்தினார். ஒரு மாதத்தில் வேலையும் போனது. நான்கு வருடமாக ராசம்மா அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். "நா அங்க இல்லக்கா, நா என்ன சொல்றது" என்று அவர் தட்டிக் கழித்துக்கொண்டே இருந்தார். இப்போதுதான் வந்திருந்தார்.

கூண்டில் ஏறியதும் என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது.

சட்டத்தரணி நேராக விஷயத்துக்கு வந்தார். "லொறியின் பிரேக் சரியில்லை என்று உமக்குத் தெரிந்திருந்தது. அதனால் ஓட்ட மறுத்தீர். அப்படித்தானே?"

"ஆமாங்க."

"அது முருகையாவுக்கும் தெரியும்?"

"தெரியும்."

"தெரிந்தும் ஓட்டியிருக்கிறார். பிறகு அது கவனயீனம் இல்லாமல் வேறென்ன?"

நல்ல கேள்வி என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும், உட்கார்ந்துவிட்டார். கஜேந்திரனின் கைகள் கூண்டின் கட்டையை இறுக்கின.

"அவரு ஏன் ஓட்டுனாருன்னு யாராச்சும் கேட்டீங்களா?" என்றார். "நாலு வருசமாச்சு. பிரேக் இருந்துச்சா இல்லையான்னு கேட்டீங்க. லைசன் இருந்துச்சான்னு கேட்டீங்க. குடிச்சிருந்தாரான்னு கேட்டீங்க. ஒரு மனுசன் உசுரு போகும்னு தெரிஞ்சும் ஏன் சாவிய வாங்குனான்னு ஒருத்தர்கூடக் கேக்கல."

நான் மொழிபெயர்த்தேன். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "சாட்சிக்காரரை ஆம், இல்லை என்று பதில் சொல்லச் சொல்லுங்கள்" என்றார்.

அன்றைக்கு அவ்வளவுதான். வழக்கு மூன்று வாரம் தள்ளிப்போனது.

அந்த மூன்று வாரத்துக்குள் என் மைத்துனர் மதுசூதனன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அவர் வெளிநாட்டில் ஒரு விமானக் கம்பனியில் பொறியியலாளர். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இந்த வழக்கைப் பற்றிச் சொன்னேன். அந்தச் சாரதியின் கேள்வியைச் சொல்லிச் சிரிக்கத்தான் பார்த்தேன்.

மதுசூதனன் சிரிக்கவில்லை. "அத்தான், ஒரு பிளேன் விழுந்தா முதல்ல கேக்கிறதே அதைத்தான்" என்றார். "விமானி எத்தினை மணித்தியாலம் நித்திரை கொண்டவர்? போ எண்டு ஆர் நெருக்கினது? பக்கத்தில இருந்த ஆளுக்குப் பிழை தெரிஞ்சும் ஏன் வாய் திறக்கேல்லை? இதே பிழையோட முந்தி ஒருக்காப் பறந்து தப்பி வந்தவையோ? அப்பிடித் தப்பி வந்திருந்தா அதுதான் ஆகக் கெடுதல். அடுத்த முறையும் தப்பலாம் எண்டு மனசு சொல்லும். நல்ல விமானிகள்தான் அப்பிடிச் சாகிறது. விமானியின்ர பிழை எண்டு எழுதிப்போட்டு ஒருத்தரும் வீட்டை போறேல்லை. அதுக்குப் பிறகுதான் விசாரணையே தொடங்கும்."

ஆகாயத்தில் போகிறவன் செத்தால் அவன் மனதுக்குள் இறங்கித் தேடுகிறார்கள். எவ்வளவு தூங்கினான், யாருக்குப் பயந்தான் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். தேயிலை மலையில் ஐந்து பேர் செத்தால் ஒரு வரி. அந்த ஒரு வரியைச் சிங்களத்தில் சொல், தமிழில் சொல், சம்பளத்தை வாங்கு என்று இருபது வருடமாக நானும் உட்கார்ந்திருக்கிறேன். பனியில் நின்ற பஸ்ஸுக்கு வெளியே என் தொண்டை கிழியக் கத்தியதும் ஞாபகம் வந்தது.

அடுத்த தவணைக்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன்; என் வேலைக்கு அது சரியில்லை. பஸ் நிலையத்துக்குப் போய் கஜேந்திரனைத் தேடிப் பிடித்தேன்.

"நீர் சொல்ல நினைக்கிறதை முழுக்கச் சொல்லும். இடையில நிப்பாட்டினா, மொழிபெயர்ப்புக்கு முழு வசனமும் தேவை எண்டு நான் சொல்லுவன். ஒண்டும் விடாமச் சொல்லும்."

"ஒண்ணும் விடாமலா? அது ராசம்மாக்காவுக்கும் பிடிக்காது சார். எனக்கும் பிடிக்காது."

அவர் எதைச் சொல்கிறார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

இரண்டாம் தவணையில் கூண்டில் ஏறியவர் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. சட்டத்தரணி எழுந்து, "முருகையாவின் மனதில் என்ன இருந்தது என்று உமக்கு எப்படித் தெரியும்? நீர் அவர் மனதுக்குள் இருந்தீரா?" என்று கேட்டார்.

"அவரு மனசுக்குள்ள இல்ல. ரெண்டு நாளைக்கு முன்னாடி அதே சீட்டுல இருந்தேன்."

அப்புறம் சொல்லத் தொடங்கினார். நான் ஒவ்வொரு வசனமாக, ஒன்றும் விடாமல், சிங்களத்தில் சொல்லிக்கொண்டே போனேன். அதிகாரி இரண்டு முறை கையை உயர்த்தினார். "முழு வசனம் தேவை, ஐயா" என்று இரண்டு முறையும் சொன்னேன்.

"அண்ணன் அன்னிக்கித் தூங்கல. மொத நாளு கம்பனிக்காரங்கள ஏத்திக்கிட்டு வர வேன எடுத்துக்கிட்டுக் கொழும்புக்குப் போனாரு. திரும்பி வரயில விடிய நாலு மணி. ஆறரைக்குப் பெரட்டுல நா மாட்டேன்னேன். ஏழு மணிக்கு அவர எழுப்பிக் கூட்டிட்டு வந்தாங்க. அவரு கண்ண நா பாத்தேன். ரத்தமாட்டம் செவந்து கெடந்துச்சு.

"எதுக்கு அந்தப் பொம்பளைங்கள ஏத்துனாங்க தெரியுங்களா? கீழ் டிவிசன்ல கொழுந்து நெறையக் கெடந்துச்சுன்னா? இல்லீங்க. கொழும்புலருந்து வந்தவங்க ரோட்டோர மலயப் பாக்கப் போறாங்க. மலையில நெறையப் பேரு நிக்கணும், அழகா இருக்கணும். அதுக்கு. அழகுக்கு!

"தொரை அண்ணன்கிட்ட என்ன சொன்னாரு? இருநூறு பேருக்கு முன்னாடி சொன்னாரு. 'இவன் பயந்தாங்கொள்ளி. நீயும் அப்பிடியா? இல்ல ஒனக்கும் வயசாயிருச்சா?' அண்ணனுக்கு அம்பத்து மூணு. அந்த வருசம் முழுக்க வயசாயிருச்சு, வயசாயிருச்சுன்னு சொல்லித்தான் அவர வேனுக்கு மாத்துனாங்க. லொறிய எங்கிட்டக் குடுத்தாங்க. அது அவர எப்பிடிக் குத்தியிருக்கும்? அந்த எடத்துல யாரு இல்லைன்னு சொல்லுவா? நீங்க சொல்லுவீங்களா?"

சட்டத்தரணி, "இதெல்லாம் ஊகம்" என்றார்.

"ஊகமா? இருநூறு பேரு கேட்டாங்க. ஒருத்தரக் கூப்புட்டுக் கேளுங்க."

அதன் பிறகு கஜேந்திரன் நிறுத்தினார். தண்ணீர் கேட்டார். குடிக்கவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, முன்வரிசையில் இருந்த ராசம்மாவைப் பார்த்துப் பேசினார்.

"இன்னொண்ணு இருக்கு. அத இது வரைக்கும் யாருக்கும் சொன்னதில்ல. செவ்வாக்கெழம அதே லொறிய நாந்தான் கொழுந்தோட எறக்குனேன். மூணாவது வளைவுல பிரேக் தரையோட போயிருச்சு. கீழ் கியர்ல போட்டு, ஹேண்ட்பிரேக்க இழுத்து, மண்மேட்டுல ஒரசித்தான் நிறுத்துனேன். பள்ளத்துக்கும் டயருக்கும் ஒரு சாண்தான். பேக்டரிக்குப் பின்னால போயி வாந்தி எடுத்தேன். காலு நடுங்குன நடுக்கம் ரெண்டு மணி நேரத்துக்கு நிக்கல.

"ஆனா வெளிய வந்து என்ன சொன்னேன்? லொறிப் பக்கத்துல மண்ணு ஒட்டியிருக்கேன்னு கேட்டாங்க. சிரிச்சேன். 'பிரேக்கே இல்லாம கொண்டாந்துட்டேம்ல'ன்னு சொன்னேன். பேக்டரி முழுக்கச் சொன்னேன். அண்ணன் அங்க நின்னுக்கிட்டிருந்தாரு. அவரப் பாத்துக்கிட்டேதான் சொன்னேன். லொறி எங்கிட்ட வந்தது சரிதான்னு அவரு நெனைக்கட்டும்னு சொன்னேன்."

என் குரல் மட்டும் சிங்களத்தில் அவருக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

"பொதங்கெழம காரேஜ்ல கொஞ்சம் பிரேக் எண்ணெய் ஊத்துனாங்க. அவ்வளவுதான். வியாழக்கெழமப் பெரட்டுல தொரை கேட்டாரு. 'பிரேக் இல்லாமலே வந்த லொறி எண்ணெய் ஊத்துன பெறகு ஏன் போகாது'ன்னு. அது எங்கருந்து வந்துச்சு? என் வாயிலருந்து வந்துச்சு. அண்ணன் மனசுலயும் அதான் ஓடியிருக்கும். இந்தச் சின்னப் பய பிரேக் இல்லாமக் கொண்டாந்தான், எனக்கென்னன்னு. பயந்தேன்னு ஒரு வார்த்த நா செவ்வாக்கெழமயே சொல்லியிருந்தா அவரு சாவியத் தொட்டிருக்க மாட்டாரு. கவனயீனம்னு எழுதணும்னா எம் பேருல எழுதுங்க. தொரை பேருல எழுதுங்க. அவரு பேருல எழுதாதீங்க."

ராசம்மா எழுந்து வெளியே போய்விட்டார். தீர்ப்பு நாள் வரை அவர் கஜேந்திரனோடு பேசவில்லை.

ஏப்ரல் மாதம் முடிவு வந்தது. நான்தான் தமிழில் வாசித்தேன். விபத்துக்குக் காரணம் சாரதியின் கவனயீனமும் வாகனத்தின் தொழில்நுட்பக் கோளாறும். அவ்வளவுதான். ஒரு "உம்" சேர்ந்திருந்தது. தூக்கம் இல்லை, தொரை இல்லை, கம்பனி விருந்தாளிகள் இல்லை. கஜேந்திரன் இரண்டு மணி நேரம் சொன்னதில் ஒரு சொல்லும் அதில் இல்லை. நட்டஈட்டில் பாதி கிடைக்கும் என்று அதிகாரி விளக்கினார்.

"அந்த வார்த்த இன்னும் இருக்குங்களா ஐயா?" என்று ராசம்மா என்னிடம் கேட்டார்.

"இருக்கு அம்மா."

கையிலிருந்த பையை அப்படியே தரையில் போட்டார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. திரும்பி, கடைசி வரிசையில் நின்ற கஜேந்திரனிடம் போனார்.

"நீ சொன்னப்ப ஒன்னக் கொல்லலாம்னு இருந்துச்சு" என்றார். "இன்னும் இருக்கு. எம் புருசன் சாவுல ஒனக்கும் பங்கிருக்கு. மன்னிச்சுட்டேன்னு சொல்ல மாட்டேன்."

"சொல்ல வேணாம்கா."

"ஆனா இந்தப் பேப்பர எவன் வாசிக்கப் போறான்? இங்க சொன்னத அங்க வந்து சொல்லு. பெரட்டுல வந்து சொல்லு. இராக்கம்மா கேக்கணும். எல்லாரும் கேக்கணும்." பிறகு என்னைப் பார்த்தார். "ஐயா, நீங்களும் வாங்க. இவன் புளுகுறான்னு சொன்னா, அங்கயும் இதத்தான் சொன்னான்னு நீங்க சொல்லணும்."

அரசாங்க ஊழியன் தோட்டத்துப் பெரட்டில் போய் நிற்பதா? அதுவும் யாழ்ப்பாணத்தான், போர்நிறுத்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம்கூட ஆகாத அந்த நேரத்தில்? எனக்குப் பயமாகத்தான் இருந்தது. போனேன். அன்றைக்குப் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது.

சனிக்கிழமை காலை ஆறரை மணி. மழை தூறிக்கொண்டிருந்தது. பெண்கள் கூடையோடும், தலையில் சாக்கோடும் வரிசையில் நின்றார்கள். கொஞ்சம் தள்ளி, கீழ் டிவிசனுக்கு ஆள் ஏற்ற ஒரு லொறி நின்றது. பழையதற்குப் பதிலாக வந்த இன்னொரு பழையது. கணக்கப்பிள்ளை ஓடி வந்தார்.

"வெளி ஆளுங்க இங்க வரக்கூடாது. தொரைக்குத் தெரிஞ்சா எனக்குத்தான் பிரச்சினை."

"தெரியட்டும்" என்றார் ராசம்மா. "அவரையும் வரச் சொல்லுங்க."

கஜேந்திரன் வரிசைக்கு முன்னால் போய் நின்றார். மண்டபத்தில் சொன்னதையே சொன்னார். அங்கே இருந்ததைவிட இங்கே அவருக்குக் கஷ்டமாக இருந்தது. செத்தவர்களின் ஆட்கள் பத்தடி தூரத்தில் நின்றார்கள். சிரித்த இடத்துக்கு வந்ததும் ஒரு ஆள் மண்கட்டியை எடுத்து வீசினார். தோளில் பட்டது. துடைக்காமல் தொடர்ந்தார். முடித்ததும், இவர் விசாரணையிலும் இதையேதான் சொன்னார், நான் சாட்சி என்று சொன்னேன்.

இராக்கம்மா முன்னால் வந்தார். அந்த லொறியில் இருந்து பிழைத்தவர். இடது கை முழங்கையில் வளைந்தபடியே ஒட்டியிருந்தது. கஜேந்திரனை ஓங்கி ஒரு அறை அறைந்தார். எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவர் சொன்னதை யாரும் எதிர்பார்க்கவில்லை.

"நீ மட்டுமா?" என்று கத்தினார். "நீ மட்டுந்தான் கொன்னியா? அன்னிக்கி அந்த மனுசன் சாவிய வாங்கிட்டு லொறிகிட்டயே நின்னாரு. ஏறல. டயரப் பாத்தாரு, மழயப் பாத்தாரு. நாங்கதான் கத்துனோம். எட்டு மணிக்குள்ள மலைக்குப் போகலன்னா பாதி நாளுக்குத்தான் பேர் போடுவாங்க, அரப்பேரு. 'அண்ணே, அரப்பேரு விழுந்துரும், எடுங்கண்ணே'ன்னு கத்துனோம். எம் மக கத்துனா. நானும் கத்துனேன். எம் மக பக்கத்துலயே ஒக்காந்துக்கிட்டுக் கத்துனேன்!"

வரிசையில் இருந்த இன்னும் சில பெண்கள் அழத் தொடங்கினார்கள். அவர்களும் அந்த லொறியில் இருந்தவர்கள். நான்கு வருடமாக ஒருவருக்கொருவர்கூட அதைச் சொல்லிக்கொள்ளாமல், ராசம்மாவின் குடத்துக்குப் பக்கத்திலிருந்து தங்கள் குடத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தவர்கள். ராசம்மா அசையவில்லை. இராக்கம்மா அவரைக் கட்டிப்பிடிக்கவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. போய் அவருக்குப் பக்கத்தில் வரிசையில் நின்றார். அவ்வளவுதான். நான்கு வருடத்தில் முதல் தடவை.

அப்போது தொரை வந்தார். பழையவர் இல்லை, புதியவர், இளம் ஆள். பழையவர் அந்த விபத்து நடந்த அடுத்த வருடமே பதவி உயர்ந்து வேறொரு பெரிய தோட்டத்துக்குப் போய்விட்டாராம். விசாரணைக்கு அவரை ஒரு நாள்கூடக் கூப்பிடவில்லை. ஐந்து பேரின் சாவில் பங்குள்ளவர்களில் வாய் திறந்து ஒன்றும் சொல்லாதவர் அவர் ஒருவர்தான், அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை.

"என்ன கூட்டம்? லொறியில ஏறுங்க" என்றார் புதியவர்.

ஒருவரும் ஏறவில்லை. இராக்கம்மா லொறிச் சாரதியிடம் போய், "பிரேக் எப்பிடி இருக்கு? உண்மையச் சொல்லு" என்றார். அந்த ஆள் தொரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். கடைசியில், "மூணு தடவ மிதிச்சாத்தான் பிடிக்குது" என்றார்.

பெண்கள் நடக்கத் தொடங்கினார்கள். கீழ் டிவிசனுக்கு நாலு மைல். மழையில் நடந்தே போனார்கள். அன்றைக்கு எல்லோருக்கும் அரைப்பேர். திங்கட்கிழமையும் நடந்தார்கள், அரைப்பேர். செவ்வாய்க்கிழமை மலையில் கொழுந்து தேங்கத் தொடங்கியதும், லொறி பண்டாரவளைக்குக் காரேஜுக்குப் போனது. பத்து நாள் கழித்துப் புது பிரேக்கோடு திரும்பி வந்தது. அந்தப் பத்து நாளும் எட்டரை மணிக்குப் போனாலும் முழுப்பேர் போட்டார்கள். தோட்டம் ஒன்றும் அழிந்து போகவில்லை.

எனக்கு அந்த மாதமே விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பிறகு இடமாற்றமும் வந்தது. மூன்று வருடம் மொனராகலையில் இருந்தேன். அதை நான் பெரிதாகச் சொல்ல வரவில்லை.

ராசம்மாவுக்காகக் கம்பனிக்கு மூன்று கடிதம் எழுதிக் கொடுத்தேன், அறிக்கையைத் திருத்தச் சொல்லி. முதல் கடிதத்துக்கு, விடயம் முடிவடைந்துவிட்டது என்று ஒரு வரிப் பதில். மற்ற இரண்டுக்கும் அதுவும் இல்லை. அந்தச் சொல் இன்றைக்கும் அந்தக் கோப்பில் இருக்கிறது. ஆனால் வெள்ளைப்பாறையில் யாரும் இப்போது அதைச் சொல்வதில்லை. ராசம்மா கஜேந்திரனை மன்னித்ததாகவும் நான் கேள்விப்படவில்லை.

நடுவழியில் பஸ்ஸை நிறுத்துகிறார் என்று கஜேந்திரனைப் பஸ் முதலாளி இரண்டு தடவை வேலையிலிருந்து நிறுத்தினார், இரண்டு தடவையும் வேறு ஆள் கிடைக்காமல் திரும்பக் கூப்பிட்டார். மூன்றாம் தடவை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டபோது இவரே போகவில்லை. மரக்கறி லொறி ஓட்டப் போய்விட்டார். இடமாற்றம் முடிந்து நான் திரும்பி வந்த பிறகு, 2006ஆம் ஆண்டு, ஒரு மாலையில் பண்டாரவளையில் ஒரு காரேஜ் வாசலில் அவரைக் கண்டேன். லொறிக்கு அடியிலிருந்து கரிக் கையோடு வெளியே வந்த மெக்கானிக் நிஸாமோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

"இந்த பிரேக் தேஞ்சு போச்சுன்னு நா சொல்றேன். நீங்க இன்னும் ஒரு மாசம் ஓடும்னு சொல்றீங்க. அந்த ஒரு மாசம் நீங்க வந்து ஓட்டுறீங்களா?"

"முதலாளிதான் அடுத்த மாசம் மாத்துவோம்னு சொன்னாரு. எங்கிட்ட ஏன் கத்துறீங்க?"

"அப்ப அவரக் கூப்புடுங்க. இப்பக் கூப்புடுங்க. நா இங்கதான் ஒக்காந்திருப்பேன்."

சொன்னபடியே காரேஜ் வாசலில் ஒரு டயரைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். நிஸாம் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய்த் தொலைபேசியை எடுத்தார். நான் எதிர்ப்பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். கஜேந்திரன் என்னைக் கவனிக்கவில்லை. முதலாளியிடம் என்ன சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.